என்ன வே... புரோட்டீனா?

போன மாசம் சத்துமாவு பத்தி எழுதினேன்லா, அதுக்கு வந்த கடுதாசியையும் வாட்ஸப்பையும் பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல, ஜிம்முக்குப் போறவங்க கலக்கிக் குடிக்காங்களே அந்த வே புரோட்டீன் பவுடர் டப்பா பத்தித்தான் கேட்டிருக்கிய. நம்ம திருநெல்வேலிப் பக்கம் ‘என்ன வே’ன்னு கூப்பிட்டா ஒரு மனுசன் திரும்பிப் பாக்கணும், இப்ப டப்பா திரும்பிப் பாக்கும் போலருக்கு. சரி, இந்த மாசம் வேற பேச்சே வேண்டாம், இதையே பேசி முடிச்சிருவோம். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிருதேன், நான் டாக்டர் இல்ல, பாளையங்கோட்டையில 22 வருஷமா டயட்டீசியனா இருக்கேன், கிட்னி ஈரல்னு ஏற்கனவே வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கவங்க உங்க டாக்டர்ட்ட கேட்டுட்டு மேல படிங்க.

அக்கா, எனக்குப் பேட்டை, காலேஜ் ரெண்டாவது வருஷம், வயசு 19, வெயிட் 58 கிலோ. ஜிம்ல சேந்து நாலு மாசம் ஆச்சு. மாஸ்டர் ரெண்டு கிலோ வே டப்பாவும் கூடவே ஒரு மாஸ் கெயினரும் வாங்கச் சொல்லுதாவ. எங்க அம்மா, அதக் குடிச்சா கிட்னி போயிரும், தெருவுல ஒருத்தர் அப்படித்தான் டயாலிசிஸ்க்குப் போறாருன்னு ஒரே சத்தம். என்ன செய்ய?

தம்பி, அம்மா சத்தம் போட்டா போடட்டும், பெத்தவங்க பயம் அப்படித்தான். ஆனா அந்த டப்பாக்குள்ள இருக்கது என்னன்னு அவங்ககிட்ட சொல்லிட்டா பாதி பயம் போயிரும்.

பால் திரிஞ்சா கட்டி ஒரு பக்கமும், லேசா பச்சை கலந்த மாதிரி ஒரு தண்ணி ஒரு பக்கமும் நிக்கும்லா, அந்தத் தண்ணிதான் வே. பால்ல இருக்க புரதத்துல 80 சதவீதம் கேசின், அதுதான் கட்டியாகும், மிச்சம் 20 சதவீதம் வே. வெளிநாட்டுல சீஸ் போடுத ஆலைகள்ல இந்தத் தண்ணிய ரொம்ப காலம் பன்னிக்கு ஊத்துனாங்க, சாக்கடையில விட்டாங்க, பொறவுதான் அத மெல்லிசு சவ்வுல வடிகட்டி, சூட்டுக் காத்துல தெளிச்சு பவுடராக்கி டப்பாவுல அடைக்கப் படிச்சுக்கிட்டாங்க. நம்ம அல்வாக் கதைக்கு இது அப்படியே தலைகீழ். அல்வாவுக்கு கோதுமைய ஊற வெச்சு ஆட்டிப் பால் எடுக்கோம்லா, அந்தப் பால்ல வாரது பெரும்பாலும் மாவுச்சத்து, புரதம் முக்காவாசி நாம சக்கைன்னு மாட்டுக்குப் போடுததுல போயிருது. அவன் சக்கைய வித்து சம்பாதிக்கான், நாம சக்கையக் கொட்டிட்டு மாவையும் நெய்யையும் திங்கோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

(உடனே பன்னீர் வடிச்ச தண்ணிய யாரும் எடுத்துக் குடிச்சுட்டு ஆர்ம்ஸ் வரலன்னு எழுதாதிய. நாம பாலக் கொதிக்க வெச்சு எலுமிச்சை புழியுதோம், அந்தச் சூட்டுல வே புரதமும் கட்டியோட ஒட்டிப் போயிரும், தண்ணியில கொஞ்சம்தான் மிஞ்சும். சீஸ் ஆலையில பாலக் கொதிக்க விட மாட்டாங்க.)

ஒரு லிட்டர் பசும்பால்ல புரதம் சுமாரா 32 கிராம், அதுல வே 6 கிராம் பக்கம். டப்பாவுல ஒரு ஸ்கூப்புக்கு, அதான் உள்ள கிடக்க அளவுக் கரண்டிக்கு, 24 கிராம் புரோட்டீன்னு போட்டிருந்தா, நாலு லிட்டர் பாலோட வேயச் சுண்டக் காய வெச்ச மாதிரி. விஷமும் இல்ல மருந்தும் இல்ல, சாப்பாடு.

இப்ப கிட்னி. நம்ம ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியாகட்டும் வேற எங்கயாகட்டும், டயாலிசிஸ்க்கு வாரவங்கள்ல நெறைய பேருக்கு காரணம் சுகரும் பிரஷரும்தான், கூடவே இடுப்பு வலி முழங்கால் வலின்னு சீட்டு இல்லாம மெடிக்கல்ல வாங்கி முழுங்குத வலி மாத்திரையும் உண்டு. நல்லா இருக்க கிட்னிய அளவான புரோட்டீன் கெடுத்ததா சரியான ஆதாரம் கிடையாது. ஆனா ஏற்கனவே கெட்டுப் போன கிட்னிக்கு புரோட்டீன் சுமைதான், அங்க அளவு டாக்டர் சொல்லணும். அந்தத் தெருவுல இருக்கவர் கதை எனக்குத் தெரியாது, அவருக்கு முன்னாலயே என்ன இருந்துதோ, பவுடரோட வேற என்ன ஏத்துனாரோ. நீ ஒரு வாட்டி ரத்தத்துல கிரியாட்டினினும் (கிட்னி ஒழுங்கா வேலை செய்யுதான்னு காட்டுத எண்ணு) யூரின் டெஸ்ட்டும் பாத்து அம்மா கையில குடு, சத்தம் தானா அடங்கும்.

அடுத்தது உனக்கு அது வேணுமா வேண்டாமாங்கது. வேலை ஒண்ணும் செய்யாம உக்காந்திருக்கவனுக்கே ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம்னு 2020ல ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், கணக்கு போட்டிருக்கு, உனக்கு 48 கிராம் வருது. வெயிட் தூக்கி சதை ஏத்தணும்னா கிலோவுக்கு 1.6 கிராம் பக்கம் போதும், அதுக்கு மேல ஏத்துனா சதை கூடுதலா ஏறுததில்ல. உனக்கு 93 கிராம். நீ எழுதியிருக்க சாப்பாட்ட நான் கூட்டிப் பாத்தேன், காலையில நாலு இட்லி சாம்பார் 12 கிராம், மத்தியானம் சோறு கொளம்பு ஒரு முட்டை 19, சாயங்காலம் டீயும் பஜ்ஜியும் 3 கூட வராது, ராத்திரி மூணு தோசை 10, படுக்கும்போது பால் 6, ஆக 50. இன்னும் 43 வேணும். மூணு முட்டைய கூடப் போடு 18 ஆச்சு, அந்த பஜ்ஜிய விட்டுட்டு 50 கிராம் கொண்டைக்கடலைய ஊறப்போட்டு சுண்டல் பண்ணு 10 ஆச்சு, ஒரு பெரிய கிண்ணம் தயிர் 6. வீட்டுல மீனோ கோழியோ எடுக்குத அன்னைக்கு நூறு கிராம் சாப்பிட்டாலே 20 வந்திரும், அன்னைக்கு கணக்கே முடிஞ்சுது. எடுக்காத நாள்ல 9, 10 கிராம் குறையும், அதுக்குப் போய் தலைய அடகு வெக்காத.

ரூவாக் கணக்கும் பாரு. ஒரு கிலோ 2500 ரூவா டப்பான்னா 33 கிராம் ஸ்கூப் 30 வரும், ஒரு ஸ்கூப் 83 ரூவா. அதே 24 கிராம் புரோட்டீன் நாலு முட்டையில, முட்டை 7 ரூவான்னாலும் 28 ரூவா. காலையில ஏழு மணிக்கு கிளாஸ், ஹாஸ்டல் மெஸ்ஸுல முட்டையே கிடைக்காதுன்னு சொல்லுதவன் வாங்கட்டும், தப்பில்ல, அது சௌகரியத்துக்குக் குடுக்க காசு. 2024ல ஐசிஎம்ஆரும் ஐதராபாத் ஊட்டச்சத்து நிறுவனமும் போட்ட வழிகாட்டியில உடம்பு ஏத்துததுக்குன்னு புரோட்டீன் பவுடர் எடுக்காதீங்கன்னே சொல்லியிருக்காங்க. என்னயக் கேட்டா அவ்வளவு கறாரா சொல்ல மாட்டேன், ஆனா சாப்பாட்டக் கணக்கு பாக்காம டப்பா வாங்குதவங்களுக்கு அது சரியான பதில்தான்.

மாஸ் கெயினர் மட்டும் வாங்கவே வாங்காத. பின்னாடி திருப்பிப் பாரு, பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின்னு ஒரு மாவுச்சத்து, கூட சீனி, கொஞ்சூண்டு புரோட்டீன். அதுக்கு ரெண்டு வாழைப்பழமும் ஒரு கை நிலக்கடலையும் பாலும் போட்டு வீட்டு மிக்ஸியில அடிச்சுக் குடி. அப்புறம் நாலு மாசத்துல கண்ணாடி முன்னால நிக்காத, ஒரு வருஷம் ஒழுங்கா வெயிட்ட பைய பைய ஏத்து, தூங்கு, பொறவு பாப்போம்.

மேடம், நான் தச்சநல்லூர், வயசு 34, ரெண்டு பிள்ளைங்க, வெயிட் 76. தைராய்டு மாத்திரை சாப்பிடுதேன். வீட்டுக்காரர் வெயிட் குறைய வே புரோட்டீன் வாங்கித் தந்திருக்காவ, காலையில மாத்திரையோட சேத்துக் குடிக்கேன், ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு கிலோ கூடியிருக்கேன். ஏன்?

மைனி, கோவப்படாம கேளுங்க. அத எப்படிக் குடிக்கியன்னு நீங்களே கீழ எழுதியிருக்கிய, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு ஸ்பூன் பீனட் பட்டர், ஒரு ஸ்கூப். ஸ்கூப் 120 கலோரி, பால் 150, பழம் 100, பீனட் பட்டர் 95, ஆக 465. அது கிட்டத்தட்ட மூணு நாலு தோசை. அதுக்கு மேல இட்லியும் சாப்பிடுதிய. டப்பா மேல ஒல்லியா ஒரு பொண்ணு படம் போட்டிருந்தா அத குடிச்சா குறையும்னு அர்த்தம் இல்லயே.

புரோட்டீன் கொழுப்பக் கரைக்காது. அது செய்யுததெல்லாம் மூணு வேலை. வயித்த நெறச்சு வெக்கும், அதனால 11 மணிக்கு டப்பாவுல முறுக்கு தேட மாட்டிய. அது செரிக்கதுக்கே அதோட கலோரியில 20லருந்து 30 சதவீதம் செலவாயிரும், சோறு எண்ணெய்ல்லாம் அவ்வளவு செலவாகாது. மூணாவதுதான் முக்கியம், எடை குறையும்போது கொழுப்போட சதையும் சேந்து கரையும், போதுமான புரோட்டீனும் கொஞ்சம் வெயிட் பயிற்சியும் இருந்தா சதை தங்கும். பட்டினி கிடந்து எட்டு கிலோ குறைச்சுட்டு, மாடிப்படி ஏற மூச்சு வாங்குது முடி கொட்டுது முகம் வாடிப் போச்சுன்னு எங்கிட்ட வாரவங்க எத்தனை பேருங்கிய, அவங்கல்லாம் சதைய இழந்தவங்க.

அதனால ஸ்கூப்ப வெறும் தண்ணியில கலக்குங்க, ருசி சுமாராத்தான் இருக்கும், பழகிரும். அத சாப்பாட்டுக்கு மேல சேக்காம, ஒண்ண எடுத்துட்டு அந்த எடத்துல வைங்க. உங்களுக்கு சாயங்காலம் ரெண்டு வடையும் சீனி போட்ட டீயும்னு எழுதியிருக்கிய, அது 300 கலோரிக்குக் குறையாது, அந்த எடத்துல தண்ணியில கலக்குன ஸ்கூப்ப வெச்சா தினம் 180 மிச்சம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பதிலா மட்டும் குடிக்காதிய, நம்ம பொம்பளைங்க அத செய்வாங்க, பொறவு பத்து மணிக்குப் பிள்ளைங்க வெச்ச மிச்சத்த நின்னுக்கிட்டே சாப்பிடுவாங்க, அது கணக்குலயே வராது.

தைராய்டு மாத்திரைய வெறும் வயித்துல வெறும் தண்ணியோட முழுங்கணும், அரை மணியிலருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காப்பியே. வே பவுடர்ல கால்சியம் உண்டு, அது மாத்திரைய ஒழுங்கா உறிஞ்ச விடாது. ரெண்டு மாசமா சேத்துக் குடிச்சிருக்கிய, அதனால டிஎஸ்எச்ங்க தைராய்டு ரத்த டெஸ்ட்ட ஒரு வாட்டி பாத்துருங்க, எடை கூடினதுல அதுக்கும் பங்கு இருக்கலாம். கால்சியம் மாத்திரை சாப்பிட்டா அதுக்கு நாலு மணி நேரம் தள்ளியே.

நாங்க சுத்த சைவம், கல்லிடைக்குறிச்சி. மகன் வே புரோட்டீன் வாங்கியிருக்கான். அதுல மாட்டுக் குடல் சேக்காங்கன்னு சொல்லுதாவளே, நெசமா? அது இல்லாம சைவத்துல வழி உண்டா?

அண்ணாச்சி, கேள்வி சும்மா வந்ததில்ல. பழைய முறையில சீஸுக்குப் பாலு உறைய வெக்க ரென்னெட்னு ஒண்ணு போடுவாங்க, அது கன்னுக்குட்டி இரைப்பையில இருந்து எடுக்குதது. அந்த சீஸுலருந்து வாரதுதானே வே. இப்ப பெரும்பாலான ஆலைங்கள்ல நுண்ணுயிர வெச்சு உண்டாக்குன ரென்னெட்தான், ஆனா எல்லாத்துலயும்னு சத்தியம் பண்ண முடியாது. டப்பாவுல பச்சைப் புள்ளி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வீட்டுக்குள்ள விடாதிய.

வழி இருக்கான்னா, நம்ம வீட்டுல இருக்கத நாமளே மறந்துட்டோம். கருப்பு உளுந்தும் அரிசியும் போட்டு தேங்காயும் பூண்டும் தட்டிப் போட்டு உளுந்தஞ்சோறு ஆக்கி, எள்ளுத் தொவையல் வெச்சு சாப்பிடுத ஊருல பொறந்துட்டு புரோட்டீன் எங்கன்னு கேக்கோம். 100 கிராம் உளுந்துல 24 கிராம் புரதம். ஒரு ஆளுக்கு 40 கிராம் உளுந்து விழுந்தாலே 10 கிராம் பக்கம் வந்திரும். அரிசியில லைசின்னு ஒரு அமினோ அமிலம் குறைச்சல், பருப்புல அது ஏராளம், பருப்புல குறையுதது அரிசியில இருக்கு, ரெண்டும் சேரும்போது ஒண்ணோட ஓட்டைய ஒண்ணு அடைச்சிருது. இத எந்த ஆச்சியும் லேபுல போய்ப் படிக்கல.

சிக்கல் எங்கன்னா அளவுல. இப்ப நாம வைக்குத சாம்பார் இருக்கே, அதுல பருப்பத் தேட சல்லடை வேணும். ஒரு டம்ளர் பருப்ப ஏழு பேருக்குப் பிரிச்சுட்டு தினமும் பருப்பு சாப்பிடுதோம்னு சொல்லுதோம். பையனுக்கு கெட்டிப் பருப்பா ஒரு பெரிய கரண்டி, சாயங்காலம் சிறுபயறோ தட்டாம்பயறோ அவிச்சு ஒரு கிண்ணம், வாரம் மூணு நாள் 100 கிராம் பன்னீர், அதுல 18 கிராம் உண்டு, அது வேண்டாத நாளைக்கு சோயா உருண்டை. சோயாதான் இருக்கதுலயே மலிவு, காஞ்ச உருண்டை 50 கிராம்ல 26 கிராம் புரதம், வெந்நியில போட்டு ரெண்டு வாட்டி புழிஞ்சு ஊத்திட்டா அந்த வாடை போயிரும், மசாலா நல்லா விழணும். நிலக்கடலைய புரோட்டீன்னு நெனச்சு அள்ளி அள்ளித் திங்கவங்களுக்கு ஒரு வார்த்தை, 100 கிராம்ல புரதம் 25, கொழுப்பு 48க்கு மேல, அது புரோட்டீன் இருக்க எண்ணெய் வித்து, அவ்வளவுதான்.

இவ்வளவும் செஞ்சும் பையன் 75 கிலோ, கடுமையா பயிற்சி எடுக்கான்னா சைவத்துல 120 கிராம் எட்டுதது கொஞ்சம் கஷ்டம்தான். அவன் ஒரு ஸ்கூப் குடிக்கதுல எனக்கு மறுப்பு இல்ல.

மேலப்பாளையத்துல இருந்து எழுதுதேன். ஆன்லைன்ல 3000 ரூவா, இங்க ஒரு கடையில அதே டப்பா 1900. டூப்ளிகேட்ட எப்படிக் கண்டுபிடிக்க? தண்ணியில நொரை வந்தா ஒரிஜினல்ங்காங்களே?

நொரை வாரதும் வராததும் ஒரு அத்தாட்சியும் இல்ல பாய், சோப்புத்தூள்லயும் நொரை வரும்.

நானே ஏமாந்த கதை சொல்லுதேன், படிச்சவளும் ஏமாறுவாங்கதுக்கு. எட்டு வருஷம் முன்னாடி எங்க தம்பிக்குன்னு ஒரு கடையில டப்பா வாங்குனேன், கடைப் பேரு வேண்டாம், இப்ப அது அங்கன இல்லவும் இல்ல. விலையில முப்பது சதவீதம் தள்ளுபடி, பில்லு கேட்டதுக்கு ‘அக்காவுக்கு எதுக்கு பில்லு’ன்னு சிரிச்சான், எனக்கும் அந்த அக்காவுல மனசு குளுந்து போச்சு. வீட்டுல வந்து தொறந்தா மூடிக்கு உள்ள இருக்க சில்வர் ஃபாயில் ஒரு ஓரமா ஒட்டாம எந்திரிச்சு நிக்கு. வாசனை சாக்லேட்டுதான், ஆனா நாக்குல வெச்சா குளுக்கோஸ் மாதிரி இனிப்பு, விரல்ல தேச்சா மைதா மாதிரி வழுவழுன்னு. ஒரு ஸ்பூன தண்ணியில கரைச்சு, வீட்டுல காயத்துக்குப் போடுத அயோடின் மருந்த நாலு சொட்டு விட்டேன். தம்பி பக்கத்துலதான் நின்னான். பாக்கப் பாக்க கருநீலமா போச்சு. மாவுச்சத்துதான் அப்படிப் போகும். 2200 ரூவாய்க்கு கலர் மாவு. அத வாசல்ல கோலம் போடக்கூட முடியாது, கோகோ கலருல்லா.

அந்த அயோடின் டெஸ்ட்ட நீங்களும் செய்யலாம், ஆனா ஒண்ணு, நீலமாச்சுன்னா மாவுச்சத்து இருக்கு, ஆகலன்னா சுத்தம்னு நம்பிராதிய. மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்திருந்தா நீலமாகாமலேயே இருக்கலாம். இன்னொரு திருட்டும் உண்டு. லேப்ல புரதத்த அளக்கதுக்கு சாதாரணமா நைட்ரஜன அளப்பாங்க, அதுல இருந்து புரதம் இவ்வளவுன்னு கணக்கு போடுவாங்க. அதனால கிளைசின், டாரின் மாதிரி மலிவா கிடைக்க அமினோ அமிலத்தக் கலந்துட்டா நைட்ரஜன் ஏறிரும், டெஸ்ட்டுல புரோட்டீன் நெறைய இருக்க மாதிரி காட்டும், சதைக்கு வேணுங்கது இருக்காது. 2008ல சீனாவுல பால் பவுடர்ல மெலமின் கலந்து கொழந்தைங்க செத்துப்போச்சே, அதுவும் இதே நைட்ரஜன் ஏமாத்து வேலைதான். 2024ல நம்ம நாட்டுல விக்குத 36 புரோட்டீன் பவுடர சோதிச்சு ஒரு ஆய்வு வந்துது, அதுல சுமாரா 70 சதவீதத்துல டப்பாவுல போட்ட புரோட்டீன் அளவும் உள்ள இருந்த அளவும் ஒத்துப் போகல.

அதனால பாய், 14 எண்ணு உள்ள எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் நம்பர் டப்பாவுல இருக்கணும், அத அவங்க ஃபாஸ்காஸ் தளத்துல போட்டா எந்தக் கம்பெனி பேருல இருக்குன்னு காட்டும், டப்பாவுல இருக்க பேரும் அதுவும் ஒண்ணா இருக்கணும். வெளிநாட்டு சரக்குன்னா இறக்குமதி செஞ்சவன் பேரும் விலாசமும் தனியா ஒட்டியிருக்கணும். உள்ள இருக்க சரக்குப் பட்டியல்ல மொதல்ல வே தான் வரணும், கிளைசின் டாரின்னு தனியா வரிசை கட்டியிருந்தா கீழ வெச்சுட்டு வாங்க. பில்லு இல்லாம வாங்காதிய. ஜிம்முல பெரிய டப்பாவப் பிரிச்சு ஜிப் கவருல அரைக்கிலோ ஒரு கிலோன்னு தராங்களே, அது மாஸ்டர் சொந்தத் தாய்மாமனா இருந்தாலும் வேண்டாம். உங்க 1900 ரூவா டப்பாவப் பத்தி நான் என்ன சொல்ல, ஆயிரம் ரூவாய யாரும் தர்மத்துக்குக் குறைக்க மாட்டாங்க.

ஆச்சிக்காக எழுதுதேன். அம்பாசமுத்திரம், வயசு 71, எடை 50. நாற்காலியில இருந்து எந்திரிக்க கைய ஊனணும், போன மாசம் குளியலறையில விழப் பாத்துட்டாங்க. எங்க அண்ணன் டப்பாவுல இருந்து ஒரு ஸ்கூப் ஆச்சிக்குக் குடுக்கலாமான்னு கேட்டேன், வீட்டுல எல்லாரும் சிரிச்சுட்டாங்க.

சிரிச்சவங்கள எங்கிட்ட அனுப்பு பிள்ள. இந்த மாசம் வந்ததுல நான் ரெண்டு வாட்டி படிச்ச கடுதாசி இதுதான். ஏன்னா டப்பா அந்த வீட்டுல தப்பான ஆள் கையில இருக்கு. கோழியும் முட்டையும் திங்க 22 வயசுப் பய அதக் குடிக்கான், அது வேணுங்கவங்க கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்காங்க.

முப்பது நாப்பது வயசத் தாண்டினா சதை கொஞ்சம் கொஞ்சமா குறைய ஆரம்பிக்கும், அறுவதுக்கு மேல வேகமா. வயசானவங்க உடம்பு, அதே அளவு புரோட்டீன் போட்டாலும் சின்னப் பிள்ளைங்க உடம்பு மாதிரி அத சதையா மாத்தாது, அதனால அவங்களுக்கு கூடத்தான் வேணும், கிலோவுக்கு 1 கிராம்ல இருந்து 1.2. உங்க ஆச்சிக்கு 50லருந்து 60 கிராம். நீ எழுதின கணக்கப் பாரு, காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோத்துல ரசம், சாயங்காலம் காப்பி, ராத்திரி கஞ்சியும் தொவையலும். எப்படிக் கூட்டுனாலும் 25 தாண்டாது. பல்லு இல்ல, கறி மெல்ல முடியாது, பருப்பு வாயுங்காங்க, முட்டை விதவையான நாள்ல இருந்து தொடுததில்லன்னு எழுதியிருக்க. இருபது வருஷமா அந்த உடம்பு தன்னோட சதையவே தின்னுக்கிட்டு இருக்கு, நாம வயசாயிட்டு வயசாயிட்டுன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம்.

மொத வேலை, கிரியாட்டினின், யூரின்ல ஆல்புமின் (கசியுத புரதம்), சுகர் மூணும் பாத்து டாக்டர்ட்ட காட்டணும். அந்த வயசுல கிட்னி சத்தமில்லாம குறைஞ்சிருக்க வாய்ப்பு உண்டு, அதத் தெரியாம குடுக்கக் கூடாது. சரின்னு சொல்லிட்டா அரை ஸ்கூப்புல ஆரம்பி, 12 கிராம். பால் ஒத்துக்காம வயிறு பொருமும்னா ஐசோலேட்னு போட்டத வாங்கு, அதுல லாக்டோஸ்ங்க பால் சீனி ரொம்பக் குறைச்சல். வாசனை இல்லாதது கிடைக்கும், அத மோருல கலக்கி உப்பும் பெருங்காயமும் போட்டுக் குடு, சாக்லேட் வாடை அந்த வயசுல பிடிக்காது. கஞ்சியில போடுததா இருந்தா கஞ்சி கை பொறுக்குத சூட்டுக்கு ஆறணும், கொதிக்கக் கொதிக்கப் போட்டா திரி திரியா போயி ஆச்சி துப்பிருவாங்க. ரெண்டு வாரம் கழிச்சு காலையில அரை, ராத்திரி அரை.

ஆனா பவுடர மட்டும் குடுத்துட்டு கட்டில்ல உக்கார வெச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல. சுவத்தோட ஒட்டிப் போட்ட கைப்பிடி நாற்காலியில உக்கார வெச்சு, முன்னால நீ நின்னுக்கிட்டு, எந்திரிக்கச் சொல்லு, உக்காரச் சொல்லு, அஞ்சு வாட்டி. காலையும் சாயங்காலமும். மொதல்ல கைய ஊனட்டும். மூணு நாலு வாரத்துல ஒரு கை போதும்னு வரும். பொறவு பத்து வாட்டி. இதுதான் ஆச்சிக்கு ஜிம். நெஞ்சு வலி, தலை சுத்து இருந்தா மட்டும் டாக்டர்ட்ட கேட்டுட்டு. குளியலறையில ஒரு கைப்பிடி அடிக்கச் சொல்லு, உங்க அண்ணன் டப்பா வாங்குத காசுல ஒரு மாசக் காசு போதும்.

மூணு மாசம் கழிச்சு எனக்கு எழுது பிள்ள, வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்களான்னும் எழுது.

இனி சின்னச் சின்னதா கேட்டிருக்கவங்களுக்கு.

உவரியில இருந்து: நாங்க தினம் மீன் சாப்பிடுதவங்க. எங்களுக்கு இது வேணுமா?

சாளையும் சூரையும் கரையில இறங்குத ஊருல இருந்துகிட்டு டப்பா கேக்கியளே தம்பி. 100 கிராம் மீன்ல 20 கிராம் பக்கம் புரதம், கூட ஒமேகா த்ரீங்க நல்ல கொழுப்பு, அது சாதாரண வே டப்பாவுல வராது. பொரிச்சே சாப்பிடாம கொளம்பாவும் அவியலாவும் மாத்துங்க, அது போதும்.

பேரு ஊரு வேண்டாம்: வே குடிச்சு ஏறல, மாஸ்டர் டெஸ்ட் ஊசி போடலாம்ங்காரு.

வேண்டாம். அது புரோட்டீன் இல்ல, டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன். வெளியில இருந்து ஏத்த ஏத்த உடம்பு தானா சுரக்கத நிப்பாட்டிரும், விதை சுருங்கும், விந்தணு குறையும், சில பேருக்கு மாரு பொம்பளை மாதிரி வரும், கொழுப்பும் ரத்தமும் கெட்டு நெஞ்சுக்கு வரும். ஏற்கனவே போட்டிருந்தா வெக்கப்படாம, மறைக்காம ஹார்மோன் டாக்டர்ட்ட போங்க. மாஸ்டர மாத்துங்க.

பயிற்சி முடிஞ்சு அரை மணிக்குள்ள குடிச்சாத்தான் பலனா?

அவ்வளவு அவசரம் இல்ல. நாள் முழுக்க மொத்தம் எவ்வளவுங்கதுதான் கணக்கு. ஜிம்முல இருந்து வண்டிய விரட்டிக்கிட்டு வீட்டுக்கு ஓடாதிய.

கூடவே கிரியாட்டின் எடுக்கேன், டெஸ்ட்டுல கிரியாட்டினின் கூடக் காட்டுது, பயமா இருக்கு.

கிரியாட்டின்ங்கது ஜிம்முக்காரங்க எடுக்குத வேற ஒரு பவுடர், அத எடுத்தா கிரியாட்டினின் எண்ணு கொஞ்சம் ஏறித்தான் காட்டும், அதுக்காக கிட்னி கெட்டுட்டுன்னு அர்த்தம் இல்ல. ஆனா அத நீங்களா முடிவு பண்ணாதிய, எடுக்கத டாக்டர்ட்ட சொல்லுங்க, நிப்பாட்டிட்டு திரும்பப் பாக்கச் சொல்லுவாவ.

வே குடிக்க ஆரம்பிச்சதுல இருந்து முகமெல்லாம் பரு.

சில பேருக்கு அப்படி வரும். ஒரு மாசம் நிப்பாட்டிப் பாருங்க, குறைஞ்சா காரணம் அதுதான், முட்டைக்கும் பயறுக்கும் போயிருங்க.

ஷேக்கர் பாட்டில்ல நாத்தம் போகவே மாட்டேங்குது அக்கா, சோப்பு போட்டும் போகல.

குடிச்ச உடனே கழுவாம வண்டிப் பெட்டியில பூட்டி வெச்சுட்டு நம்ம ஊரு சித்திரை வெயில்ல சாயங்காலம் வரைக்கும் நிப்பாட்டுனா பால் என்ன ஆகும், அதேதான். மூடிக்கு உள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அத ஊசி முனையால நெம்பி வெளிய எடுங்க, நாத்தம் பூரா அதுக்கு அடியிலதான் இருக்கு. வெந்நியில ஆப்ப சோடா போட்டு ராத்திரி முழுக்க ஊற வெச்சு, காலையில கழுவி, மூடிய மூடாம வெயில்ல கவுத்துங்க. அதுக்கும் போகலன்னா பாட்டில தூரப் போட்டுட்டு எவர்சில்வர்ல வாங்குங்க.